கூம்பைத் திருப்புங்க

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

“ஏளா சொர்ணம், நான் எங்க ஒன்னத் தொரத்துனேன்? நீயா பெட்டியத் தூக்கிட்டுப் போன. போனதுதான் போன, தூரமாவது போனியா? செவுத்துக்கு அந்தப் பக்கம், ஒன் தம்பி வீட்டுல போயி உக்காந்துகிட்டு, வேதமுத்து பொண்டாட்டிய வெரட்டிட்டான்னு ஊரே பேசும்படி வச்சிட்ட. கல்யாண நாளும் அதுவுமா ஒரு மனுசன் மைக்கில ஒரு தமாசு பேசக் கூடாதா? சபையே சிரிச்சுது. ஐயரே சிரிச்சாரு. ஒனக்கு மட்டும் என்ன வந்துது?”

இவ்வளவையும் இன்று ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். எனக்குப் பைத்தியம் இல்லை. கத்தச் சொன்னது ஆயரம்மா.

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி ஆயர் எப்சிபா அம்மாவுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். இறையியல் படித்து, அப்புறம் மனசைப் பற்றியும் படித்திருக்கிறாளாம். கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் ஜெபம் பாதி, பேச்சு பாதி என்று நடத்துகிறாள். நான் அதற்குப் ‘பாவ கிளினிக்’ என்று பேர் வைத்தேன். இரண்டு நாளில் ஊர் முழுக்க அந்தப் பேர்தான்.

தலைமை ஆயரான பெரிய ஐயரிடம் சொர்ணம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: “லெந்து நோம்பு முடியிற வரைக்கும் அந்த ரூமுக்கு ஒழுங்காப் போயிட்டு வரட்டும். அப்புறம் பாப்போம்.” ஈஸ்டருக்கு ஓசூரிலிருந்து மகன் டேனியல் வருகிறான். நான் தேறவில்லை என்றால் அம்மாவை ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

அதற்காகத்தான் நாற்காலியிடம் பேசுகிறேன். தினமும் எழுதவும் சொல்லியிருக்கிறாள். எட்டாம் கிளாஸோடு பேனாவை மூடியவன் நான். நகைக்கடை கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது.

பிப்ரவரி 19

இட்லி மாவு பாக்கெட் வாங்கினேன். புளித்திருந்தது. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

அந்த அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம் எனக்குத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் மட்டும் பார்க்கலாம். இதை முதல் நாளே கவனித்துவிட்டேன். இன்று போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். உடனே அவள் தன் நாற்காலியையும் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அவங்க போன அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு ஐயா?”

“அடுப்பு சும்மா இருந்துச்சு.”

“உங்களுக்கு?”

“அதத்தான் சொல்லுதேன். ரசம் இல்ல. அவ ரசத்துல மிளகத் தட்டிப் போடுவா, பொடிச்சுப் போட மாட்டா. நான் வச்சா சாக்கடத் தண்ணி மாதிரி வருது.”

காகிதத் துண்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் என்ன அழுதேனா? ஆனால் இலவசம் என்றால் விடுவானேன்! ஒரு கொத்து உருவிக்கொண்டு வந்து ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தேன்.

முப்பத்தைந்து வருஷம் வேதமுத்து சவுண்ட் சர்வீஸ். இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் கூம்பு ஸ்பீக்கர் கட்டாத கோயில் இல்லை, ஏறாத பனை இல்லை. இப்போது தொழில் இல்லை. கூம்புகள் பரணில் தூங்குகின்றன. ஊரில் எல்லாரும் முணுமுணுவென்று பேசப் பழகிவிட்டார்கள். ஆயரம்மாவும் அப்படித்தான். இரண்டு தடவை கேட்டால்தான் புரிகிறது.

கிளம்பும்போது வீட்டுப்பாடம் கொடுத்தாள். காலையில் எழுந்து ஆண்டவரிடம் சண்டை போட வேண்டும்.

“அலங்காரமான ஜெபம் வேண்டாம் ஐயா. இங்க பேசுனீங்களே, அதே மாதிரி. மனசுக்குள்ளயும் வேண்டாம். வாயத் தொறந்து சொல்லுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்.”

ஏன் வாயைத் திறந்து? மனசுக்குள் சொன்னால் அவருக்குக் கேட்காதா? இதில் என்னவோ இருக்கிறது.

பிப்ரவரி 26

விடியற்காலையில் எழுந்தேன். பட்டாளைக் கூடத்தில் ஃபேன் கொரகொரக்கிறது, சமையல்கட்டில்தான் உட்கார்ந்தேன். ஆண்டவரிடம் ரசத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

மச்சினன் கோயில்பிள்ளையின் பெண்டாட்டி ரத்னபாய் வாசலில் நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

“அண்ணாச்சி, இன்னைக்கு ரசம் கொஞ்சம் கூட வச்சிட்டேன். வீணாத்தான போவும்.”

திறந்து பார்த்தேன். மிளகு தட்டிப் போட்டிருந்தது.

இது ரத்னபாய் கை இல்லை. இருபது வருஷமாக அவள் ரசத்தைக் கிண்டல் பண்ணுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? சாப்பிட்டேன். சட்டியைக்கூடச் சாய்த்துக் குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ரசத்தைப் பற்றி நான் பேசியது ஒரே ஒரு ஆளிடம். புதன்கிழமை. கதவைச் சாத்திக்கொண்டு.

“இந்த ரூம்ல பேசுறது இந்த ரூம்லயே இருக்கும்” என்று முதல் நாள் ஆயரம்மா சொன்னாள். ரூமுக்குக் கால் முளைத்துவிட்டதோ?

மார்ச் 4, புதன்

வேண்டுமென்றே மூட்டு வலியைப் பற்றிப் பேசினேன். ராத்திரி சொர்ணம்தான் தைலம் தேய்த்துவிடுவாள் என்றும், தேய்க்கும்போது அவளைப் பற்றி நான் பாட்டுக் கட்டிக் கிண்டல் பண்ணுவேன் என்றும் சொன்னேன்.

“அவங்க சிரிப்பாங்களா?”

“முட்டியில இன்னும் அழுத்தித் தேய்ப்பா.”

ஆயரம்மா சிரித்துவிட்டாள். நல்ல பல்வரிசை. மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று கேட்டேன். “இது உங்க நேரம் ஐயா” என்றாள். நழுவுகிற வித்தை தெரிந்தவள். வெளியே வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான் போனதும் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6

நேற்றும் இன்றும் விடியற்காலை ஆண்டவரிடம் முட்டியைப் பற்றிச் சொன்னேன். மதியம் கோயில்பிள்ளை வந்தான்.

“அத்தான், கடையில இந்தத் தைலம் ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மாங்கான். நமக்கு எதுக்கு ரெண்டு?”

பச்சை மூடித் தைலம். சொர்ணம் வாங்குகிற அதே தைலம். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. “ஏம்ல மாப்ளே, கடைக்காரன் தேய்ச்சுப் பாத்துட்டா குடுத்தான்?” என்றேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

சந்தேகமே இல்லை. ஆயரம்மா அந்த வீட்டு ஆள்.

மார்ச் 8, ஞாயிறு

மானம் போயிற்று. ஆராதனையில் பெண்கள் ஐக்கியத்தின் சார்பாக ஜெபக் குறிப்பு வாசித்தார்கள். எங்கள் கோயிலில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதை ஜெபக் குறிப்பில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாருடைய மகள் யாரோடு போனாள் என்பதைக்கூடப் பேர் சொல்லாமல் பக்தியோடு சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு வாசித்தது:

“அதிகாலையில் கண்ணீரோடு கர்த்தரைத் தேடும் ஒரு வயதான சகோதரருக்காக.”

பேர் இல்லை. ஆனால் பெண்கள் பக்கம் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. வலப்பக்கம் நாலாவது பெஞ்சு, சாம்பல் நிறச் சேலை. அது நிமிரவே இல்லை.

ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டேன். விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் ஆயரம்மாவுக்கும்தான் தெரியும். ஆண்டவர் பெண்கள் ஐக்கியத்தில் உறுப்பினர் இல்லை. கண்ணீர் என்பது வேறு. அது வெங்காயம்.

மார்ச் 11, புதன்

பொறி வைத்தேன்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னேன்: “அம்மா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. சாயர்புரத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சர். புருசன் இல்ல. எனக்குத் தூது விட்டிருக்கு. ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

இது மட்டும் கசிந்தால் சொர்ணம் சுவரை இடித்துக்கொண்டு வருவாள். ஆயரம்மாவின் குட்டும் வெளிப்படும். ஒரே கல்.

ஆயரம்மா கேட்டாள்: “அந்த டீச்சர் பேரு என்ன ஐயா?”

இதை யோசித்துவைக்கவில்லை. “ஜெயசீலி.”

“ரசம் நல்லா வைப்பாங்களா?”

“...தெரியல.”

“கேட்டு வச்சுக்கிறது நல்லது” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் ஜெபித்து அனுப்பிவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

சில்க் ஜிப்பா போட்டு, சென்ட் அடித்து, மூன்று நாளாக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டில் ஓர் அசைவும் இல்லை. ரத்னபாய் மட்டும் குப்பை கொட்ட வந்தவள் கேட்டாள்:

“என்ன அண்ணாச்சி, எங்கயும் சாவு அடக்கமா?”

ஆக, உண்மையெல்லாம் கசிகிறது, பொய் மட்டும் கசியவில்லை. ஆயரம்மா கெட்டிக்காரி. எது பொய் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் அடக்கிவைத்துக்கொள்கிறாள்.

டீச்சரைப் பற்றி ஆண்டவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் போய்ப் பொய் சொல்ல முடியுமா?

மார்ச் 16

பெரிய ஐயரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“வேதமுத்தண்ணே, ஒண்ணு சொல்லட்டா? நீங்க என்னதான் பேசுதீங்கன்னு நானே ஒரு நாள் அந்தப் பிள்ளகிட்ட கேட்டேன். ‘ஐயர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்’னுட்டு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.”

இவரும் கூட்டு.

மார்ச் 18, புதன்

உட்காரவே இல்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

“எத்தன நாளா என்ன விக்கிறீங்க? ரசத்த வித்தாச்சு, முட்டிய வித்தாச்சு. ஜெபக் குறிப்புல ஏலம் போட்டாச்சு. இன்னும் என்ன மிச்சம்?”

“நான் சொல்லல ஐயா.”

“அப்ப காத்தா சொல்லிச்சு?”

“எனக்குத் தெரியல. ஆனா நான் சொல்லல. நம்பலைன்னா நீங்க இனிமே வர வேண்டாம். உங்க பேருல தப்புன்னு யாருகிட்டயும் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

கோபித்துக்கொள்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கதவைத் திறந்துவிட்டாள். நான் கதவு வரை போய்த் திரும்பினேன். வெயில் அதிகம்.

உட்கார்ந்ததும் கேட்டாள்: “மைக்குல அன்னைக்கு என்ன சொன்னீங்க? யாரும் எனக்கு முழுசாச் சொல்லவே இல்ல.”

சொன்னேன். சபைக்குச் சொன்னதையே சொன்னேன். “நான் பொண்ணு பாக்க வந்தது சொர்ணத்த இல்ல, அவ அக்கா அன்னபாக்கியத்த. வந்த எடத்துல இத என் தலையில கெட்டிட்டாவ. நாப்பத்தேழு வருசமா எறக்கி வைக்க எடம் தேடுதேன்.” அங்கேதான் எல்லாரும் சிரித்தார்கள். மேஜையில் இருந்த மிக்ஸர் தட்டு உருண்டு விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

அக்கா கிடைக்காமல்தான் தன்னைக் கட்டினேன் என்று சொர்ணம் நினைத்துவிட்டாள். அக்கா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு ராத்திரி பெட்டியில் சேலையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “கெடைக்காததுக்குத்தான நான். சரி. இருந்துட்டுப் போட்டும்.”

“அக்காவப் பாக்க வந்தவரு தங்கச்சியக் கட்டுனது எப்படி?” என்றாள் ஆயரம்மா.

“அது பெரிய கத.”

“நேரம் இருக்கு. கடிகாரத்தப் பாருங்க.” தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தாள். எப்போது மாற்றினாளோ!

பொண்ணு பார்ப்பதற்கு முந்தின நாள் இந்த ஊர்க் கோயில் விருந்தான அசனப் பண்டிகைக்கு நான்தான் மைக் செட். பனையில் கூம்பைக் கட்டிவிட்டுப் பாட்டுப் போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றது. “ஏய் ரேடியோக்காரரே, கூம்பத் திருப்புங்க. எங்க கோழி அடையில கெடக்கு. சத்தத்துல எந்திரிச்சுப் போச்சுன்னா அத்தன முட்டையும் கூமுட்டையாப் போவும்.” நான் சிரித்தேன். அது சிரிக்கவில்லை. திருப்புகிற வரை பனைக்கடியிலேயே நின்றது. திரும்ப ஏறித் திருப்பினேன். மறுநாள் பொண்ணு பார்க்கப் போனது அந்தக் கோழி வீட்டுக்கே; பெரியவள் காபி கொண்டுவந்தாள். நான் எங்கப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இது வேண்டாம், கோழிக்காரப் பிள்ளைதான் வேண்டும் என்றேன். குடைக் கம்பால் அடித்தார். மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. நான் வேறு யாரையும் பார்க்கப் போகமாட்டேன் என்றுவிட்டேன்.

ஆயரம்மா காகித டப்பாவிலிருந்து ஒன்றை உருவித் தன் மூக்கைத் துடைத்தாள். ஜலதோஷமாம்.

“இத ஏன் ஐயா மைக்குல சொல்லல?”

“சிரிப்பு வந்துட்டுல்லா? சிரிப்பு வந்த எடத்துல நிறுத்திரணும். அதுக்கு மேல இழுத்தா ஆறிப் போவும்.”

“அவங்களுக்கு அந்த எடத்துல கத முடிஞ்சு போச்சு.”

நாளைக்குக் காலையில் மீதியை ஆண்டவரிடம் சொல்லச் சொன்னாள்.

மார்ச் 19

சொன்னேன். கோழியையும் சேர்த்து.

மார்ச் 22, ஞாயிறு

நாலு நாளாக அந்த வீட்டிலிருந்து ரசம் இல்லை, துவையல் இல்லை, ஒன்றும் இல்லை. ரத்னபாய் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறாள். நான் போட்ட சத்தத்தில் ஆயரம்மா பயந்து வாயை மூடிவிட்டாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை, கோழிக் கதையைப் போய்ச் சொல்லி, அதைக் கேட்டும் சொர்ணத்துக்கு மனசு இரங்கவில்லையா?

ரசத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 25, புதன்

“தினமும் எப்படி ஜெபம் பண்ணுறீங்கன்னு இங்க ஒரு தடவ காட்டுறீங்களா?” என்றாள்.

எதற்காம்? ஆனாலும் கண்ணை மூடி ஆரம்பித்தேன். “ஆண்டவரே, இந்தப் பொம்பள என்ன...” இரண்டு வாக்கியம் கூட ஆகவில்லை. கதவு படாரென்று திறந்தது. கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டி யோசுவா கையில் விளக்குமாற்றோடு நின்றான். அவனுக்குப் பின்னால் பாட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்.

“என்ன அம்மா, யாரு யார அடிக்கா?”

“ஜெபம்தான். போங்க” என்று கதவைச் சாத்தினாள். சிரிப்பை அடக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, வீட்டுல எந்த எடத்துல உக்காந்து ஜெபிப்பீங்க?”

“சமையக்கட்டுல. ஏன்?”

“அந்தச் செவுரு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். “காதுக்கு ஒரு டாக்டரப் பாருங்க ஐயா.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு கூம்பு இரைந்தால் எந்த ஒயர் லூஸ் என்று சொன்னவன் நான். என் காதைப் போயா? எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனியில் சொர்ணம் எனக்கு நாலு ஆள் முன்னால் நடந்தாள். டேனியல் வியாழக்கிழமை வருகிறானாம். ரத்னபாய் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

ஒருவேளை நான் காது டாக்டரைப் பார்க்கலாம். மெழுகு அடைத்திருக்கும்.

ஏப்ரல் 1, புதன்

மெழுகு இல்லை. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் கொடுத்தார்கள். முட்டாள்கள் தினத்தில் போய் வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

விடியற்காலையில் மெஷினை மாட்டிக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் யாரோ தும்மினார்கள்.

என் வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. அப்புறம் டம்ளர் வைக்கிற சத்தம். பலகையை இழுத்துப் போடுகிற சத்தம். அப்புறம் ரத்னபாய் தூக்கக் கலக்கத்தில்:

“மதினி, இன்னைக்கும் உக்காந்திட்டியளா? இன்னும் தொடங்கலியே.”

“மெதுவாப் பேசு” என்றாள் சொர்ணம்.

மாமனார் தன் ஒரே வீட்டை மகனுக்கும் மகளுக்கும் பிரித்தபோது நடுவில் எழுப்பியது ஒற்றைக்கல் சுவர். மேலே அரையடி இடைவெளி. இது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்து என்ன?

ரசம். முட்டி. அவள் தலையணைப் பக்கம் நான் நகர்ந்து படுப்பதை ஒரு காலையில் சொன்னது. மார்ச் 19, கோழிக் கதை.

ஒரு மாசமாகக் கூம்பை அவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பிவைத்திருந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஆண்டவரிடம் ஒன்றுமே பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமும் பலகை நகரவில்லை. விடிகிற வரை.

ஏப்ரல் 4, சனி

கடையில் ஒரு காகித டப்பா வாங்கிக்கொண்டு பாவ கிளினிக்குக்குப் போனேன். மேஜையில் வைத்தேன்.

“ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்தது. திருப்பிக் குடுத்தாச்சு.”

என் காதைப் பார்த்தாள். ‘உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு’ என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரவில்லை.

வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டாள்: “சாயர்புரம் டீச்சருக்கு என்ன பதில் சொன்னீங்க ஐயா?”

“வேண்டாம்னுட்டேன். கோழி வளக்கத் தெரியாதாம்.”

அவள் சிரித்தது தெரு வரை கேட்டது. மெஷின் நல்ல மெஷின்தான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். டேனியலின் கார் தெருவில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பையன் மாமா வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வாழ்த்தா, விடைபெறுவதா என்று தெரியவில்லை.

சொர்ணம் வெளியே வந்தாள். கையில் அதே பெட்டி. காரைப் பார்த்தாள். என் வாசலைப் பார்த்தாள். அப்புறம் என் படியேறி வந்து நடையில் நின்றாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

ஏதாவது கிண்டலாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘வழி தவறிட்டியா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

“சொர்ணம், அன்னைக்கு மைக்கில பாதிதான் சொன்னேன். மீதிய யாருமே கேக்கல. நீ கேளு. மொத நாளு நான் பனையில கூம்பக் கெட்டிட்டு நிக்கேன், மறுநாளு எங்கப்பாவத் தனியாக் கூப்பிட்டு, எனக்கு அந்தக் கோழிக்காரப் பிள்ள...”

தெருவில் டேனியல் திரும்பிப் பார்த்தான். வாசல் மதிலுக்கு மேலே கோயில்பிள்ளையின் தலை முளைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை. குடைக் கம்பு வரை வந்துவிட்டேன்.

“கூம்பத் திருப்புங்க” என்றாள் சொர்ணம். “ஊரே கேக்கு.”

சொல்லிவிட்டு நடந்தாள். நான் இன்னும் அப்பா அடித்த இடத்தில்தான் இருந்தேன். மூன்று மாசம் பேசாமல் இருந்தது பாக்கி, அவளுக்காகக் காத்துக் கிடந்தது பாக்கி. அதைக் கேட்க நடையில் ஆள் இல்லை. காதில் மெஷின் மட்டும் அவள் காலடிச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தெருப் பக்கம் போகவில்லை. பட்டாளையைத் தாண்டியது. பெட்டியை வைக்கிற சத்தம். அப்புறம் உள்ளே, அம்மியில், மிளகு தட்டுகிற சத்தம்.